எட்டாவது பழுது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக எனக்குத் தரம் பார்க்கிற வேலை. 2,000 டிசர்ட் கொண்ட லாட் என்றால் 125-ஐ உருவியெடுத்து விளக்கடியில் விரிப்போம். ஏக்யூஎல் 2.5, அதாவது எவ்வளவு பழுதைப் பொறுக்கலாம் என்கிற அளவுகோல், அந்தக் கணக்குப்படி 7 பழுதுவரை பாஸ். எட்டாவது கிடைத்தால் மொத்த லாட்டும் ஃபெயில். பிசிர், எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

இந்த வேலை கண்ணைக் கெடுத்துவிடும். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணின் முகத்துக்கு முன்னால் ரவிக்கையின் கைச்சுருக்கம் தெரியும். பாசஞ்சர் ரயிலில் நாவல் படிக்கும்போதும் இதே கதைதான். ‘இந்த அத்தியாயம் எதற்கு, இந்தக் கிழவர் ஏன் வந்தார்’ என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படிப்பேன். வருடம் கழிந்தால் கதை மறந்துபோகும், அந்தக் கிழவர் மட்டும் மனசில் உட்கார்ந்திருப்பார். அது உறைக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆனது.

ஒருமுறை ஒரு நீல ஆர்டர். கழுத்துப் பட்டி ஒரு நீலம், உடம்பு இன்னொரு நீலம். நான்தான் ஃபெயில் போட்டேன். போட்டது சரிதான். ஆனால் பட்டியைப் பிரித்து மாற்ற, செக்கிங் அக்காக்களும் டெய்லர்களும் இரண்டு ராத்திரி உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் நான்கு நாள் லீவு போட்டுவிட்டுத் தோழியுடன் கிளம்பினேன்.

கர்நாடகத்தில் ஹூப்ளியில் பஸ் ஏறி எல்லாப்பூர். மாகோடு அருவி பார்ப்பதுதான் திட்டம், பார்த்தோம். மனசில் நின்றதோ பக்கத்துக் கிராமத்தில் ஒரு திண்ணை. அந்தப் பகுதியில் சித்திகள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர். திண்ணையில் ஒரு பாட்டி ‘கவந்தி’ என்கிற ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருந்தார். கீழே பழைய சேலை, மேலே கிழிந்த உடுப்புகளின் துண்டுகள். மூலையில் ஆரம்பித்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிற ஓட்டுத் தையல். துணியை மாட்டும் சட்டமும் இல்லை, டேப்பும் இல்லை. அளவில்லாமல் எப்படி என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். அவ்வளவுதான். நான்கு மூலையிலும் துணியை மடித்து ‘புலா’, அதாவது பூ, வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அம்மணமாக இருக்குமாம்.

ஊருக்கு வந்ததும் அந்த நீல ஆர்டரின் கட்டிங் வேஸ்ட்டில் ஒரு பை கேட்டு வாங்கினேன். பனியன் துணியில் ஒட்டுப்போர்வை தைப்பதைப் போல வம்பு வேறில்லை. ஜெர்சியை வெட்டினால் ஓரம் சுருளும், இழுத்தால் நீளும். மூன்று முறை பிரித்தேன். அப்புறம் அம்மாவின் சுங்குடிச் சேலையைக் கீழே போட்டதும்தான் துணி அடங்கியது. இரண்டு நீலமும் பக்கத்தில் பக்கத்தில் வந்த இடத்தில் சாயங்கால வெளிச்சம் விழுந்த மாதிரி இருந்தது. ஒரே நீலமாக இருந்திருந்தால் வெறும் துணி. அதற்காக டிசர்ட்டில் இதைப் பாஸ் போடுவேனா என்றால், மாட்டேன்.

முடித்ததும் செக்கிங் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பழக்கதோஷம், மேசையில் விரித்து ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்துவிட்டார். பதினொன்று ஒட்டியதும் கை நின்றது.

“ஏங்கண்ணு, இது நீ ஃபெயில் போட்ட நீலமில்ல?”

ஆமாம் என்றேன். போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஒட்டிய ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்தார். கோணலாகப் போன ஒரு தையலில் மட்டும் விட்டுவைத்தார்.