நள்ளிரவு 2.10க்கு ஓடிய ஸ்கிரீன் சேவர்

ஆப் பட்டியலில் பேசிக் டேட்ரீம்ஸ் என்ற பெயரைப் பார்த்துப் பயந்து போனைக் கொண்டுவருகிறவர்களுக்கு, எங்கள் போன் சர்வீஸ் கடைக் கவுண்டரில் நாங்கள் எல்லோரும் சொல்வது ஒரே பதில்தான். இது ஆண்ட்ராய்டோடு வருகிற ஸ்கிரீன் சேவர். வைரஸ் இல்லை, உளவு பார்க்கிற ஆப் இல்லை, யாரும் புதிதாக ஏற்றியதும் இல்லை. இதில் ஒரு சொல்லும் தவறில்லை. பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டதும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். அன்று வந்த ஒரு பையன் மட்டும் போகவில்லை. "சரிண்ணே, அப்போ ராத்திரி ரெண்டு பத்துக்கு இதை யாரு ஓட விட்டது?" என்று கேட்டான்.

அவன் கொண்டுவந்த போன் அவனுடையது இல்லை, அவன் தங்கச்சியுடையது. கூகுள் கணக்கை அவன்தான் தொடங்கிக் கொடுத்திருக்கிறான், பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். கணக்கில் என்னென்ன நடந்தது என்று கூகுள் பதிந்து வைக்கிற மை ஆக்டிவிட்டி பக்கத்தில் அந்த ஆப்பின் பெயரும் நேரமும் ஒரு வரியாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். வைரஸா என்று கேட்க அவன் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

சந்தேகம் வருவதற்குப் பெயரும் ஒரு காரணம். 2012இல் ஆண்ட்ராய்டு 4.2 உடன் இந்த வசதி வந்தபோது செட்டிங்ஸிலும் டேட்ரீம் என்றுதான் இருந்தது. 2016இல் கூகுள் தன் விஆர் (மெய்நிகர் உண்மை) தளத்துக்கு அதே பெயரை வைத்தது. அந்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 7இல் செட்டிங்ஸில் இதை ஸ்கிரீன் சேவர் என்று மாற்றினார்கள், உள்ளே இருக்கிற பேக்கேஜ்களுக்குப் பழைய பெயரே தங்கிவிட்டது. செட்டிங்ஸில் ஒரு பெயரும் ஆப் பட்டியலில் வேறொரு பெயரும் இருந்தால், எதையோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பேசிக் டேட்ரீம்ஸ் செய்கிற வேலை மிகச் சிறியது. கலர்ஸ் என்ற ஸ்கிரீன் சேவர் அதற்குள்தான் இருக்கிறது. திரை முழுக்க நிறங்கள் மெதுவாக மாறிக்கொண்டிருக்கும், அவ்வளவே. கடிகாரம் காட்டுகிற ஸ்கிரீன் சேவர் கிளாக் ஆப்போடு சேர்ந்தது. போட்டோ டேபிள், போட்டோ ஃப்ரேம் இரண்டும் இன்னொரு பேக்கேஜ். ஆப் இன்ஃபோவில் பேசிக் டேட்ரீம்ஸின் பெர்மிஷன் பகுதியைத் திறந்தால் கேமரா, மைக், லொக்கேஷன் எதையும் அது கேட்டிருக்காது. எதை எப்போது ஓட்டுவது என்று முடிவு செய்வது இந்த ஆப்பும் இல்லை. சிஸ்டத்துக்குள் ட்ரீம் மேனேஜர் என்று ஒரு சர்வீஸ் இருக்கிறது. பவர் மேனேஜர் சொன்னதும் அது தேர்ந்தெடுத்த ஸ்கிரீன் சேவரை எழுப்பும், பிறகு நிறுத்தும்.

பவர் மேனேஜரின் கணக்கில் போனுக்கு நான்கு நிலைகள்: விழிப்பு, கனவு, மயக்கம், உறக்கம். கனவு என்பதுதான் ஸ்கிரீன் சேவர் ஓடுகிற நிலை. மயக்கம் என்பது, அணைந்த திரையிலும் நேரம் காட்டுகிற ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே போன்றவை ஓடுகிற நிலை. போன் கம்பெனிகள் மாற்றாத அடிப்படை ஆண்ட்ராய்டில் அந்த மயக்க நிலைத் திரையும், ஸ்கிரீன் சேவர்களைப் போலவே, ட்ரீம் சர்வீஸ் வகையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் ட்ரீம் என்ற சொல் வருகிற எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள் என்று சொல்கிறோம். பேசிக் டேட்ரீம்ஸை முடக்கினால் கலர்ஸ் மட்டும்தான் போகும். மயக்க நிலைத் திரையும் லாக் ஸ்கிரீனும் இருக்கிற சிஸ்டம் யூஐ பக்கம் கை வைத்தால் லாக் ஸ்கிரீனே போய்விடும்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை, அவன் கேட்டது ரெண்டு பத்தைப் பற்றி. அதற்கு ஒரு நேர்மையான பதில் இருந்தது, அதைச் சொன்னேன். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் ஸ்கிரீன் சேவர், அதில் எப்போது தொடங்க வேண்டும் என்ற கேள்வி. சார்ஜ் ஏறும்போது, டாக்கில் (போனைச் செருகி நிறுத்துகிற ஸ்டாண்டில்) இருக்கும்போது, இரண்டில் எது நடந்தாலும், எப்போதும் வேண்டாம் என்று நான்கு விடைகள். சில போன்களில் இந்த நான்கும் இருக்காது, வெறும் ஆன், ஆஃப் மட்டும் இருக்கும். அந்த போனில் சார்ஜ் ஏறும்போது என்று இருந்தது. அப்படியானால் போன் சார்ஜரில் இருக்க வேண்டும், ஸ்கிரீன் டைம்அவுட் முடிய வேண்டும், அதுவரை யாரும் பவர் பட்டனை அழுத்தியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கலர்ஸ் ஓடும். பட்டனை அழுத்தித் திரையை அணைத்தால் போன் நேராக மயக்கத்துக்கோ உறக்கத்துக்கோ போய்விடும், கனவு நிலையைத் தொடவே தொடாது.

"அப்படின்னா ரெண்டு பத்துக்கு ஸ்கிரீன் எரிஞ்சிருக்கு, அப்புறம் தானா அணைஞ்சிருக்கு. எரியாம அணையாதில்லண்ணே?" என்றான். சரியாகப் பிடித்துவிட்டான். இந்த ஸ்கிரீன் சேவர் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருந்திருந்தால் தொடங்கிய நேரம் பதினொன்று, பன்னிரண்டு என்று இருந்திருக்கும். ரெண்டு பத்துக்குத் தொடங்கியது என்றால், அதற்குச் சற்று முன் ஏதோ ஒன்று திரையை எழுப்பியிருக்க வேண்டும்.

"ராத்திரி கரண்ட் போச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"போச்சு. எப்ப வந்துச்சுன்னு தெரியல, நான் தூங்கிட்டேன்."

கரண்ட் போய் வந்தால் நடப்பது இது. கரண்ட் போனதும் சார்ஜர் கழன்ற மாதிரிதான் போன் எடுத்துக்கொள்ளும். அடிப்படை ஆண்ட்ராய்டில் பேட்டரியில் மட்டும் இருக்கும்போது ஸ்கிரீன் சேவர் ஓடாது, அதனால் அது நின்று சற்று நேரத்தில் திரை அணைந்துவிடும். கரண்ட் திரும்பியதும் சார்ஜர் மீண்டும் செருகப்பட்டதாக போன் நினைக்கும். பல போன்கள் அந்த நொடியில் திரையை எழுப்பிச் சார்ஜ் ஏறுவதைக் காட்டும். யாரும் தொடவில்லை என்றால் லாக் ஸ்கிரீன் சில நொடிகளில் தன் நேரத்தை முடித்துக்கொள்ளும். இப்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது, நேரம் முடிந்துவிட்டது, பட்டனை யாரும் அழுத்தவில்லை. கலர்ஸ் தொடங்கும். மனிதக் கை படாமலே நடுராத்திரியில் புதிதாக ஒரு வரி பதிவாகிவிடும். ஆட்டம் காண்கிற சார்ஜிங் போர்ட், லூசான பிளக் பாயிண்ட், உள்ளே அறுந்த கேபிள் இருந்தாலும் இதே கதைதான். அந்த வரி ஒரே ராத்திரியில் பலமுறை வந்திருந்தால் நான் முதலில் போர்ட்டைத்தான் சுத்தம் செய்து பார்ப்பேன்.

இதை அவன் நம்ப வேண்டும் என்பதற்காக அவனுடைய சொந்த போனிலேயே செய்து காட்டினேன். ஸ்கிரீன் சேவரை ஆன் செய்து கலர்ஸ் தேர்ந்தெடுத்து, சார்ஜ் ஏறும்போது என்று வைத்து, ஸ்கிரீன் டைம்அவுட்டை 30 நொடிக்குக் குறைத்து, மேசையில் இருந்த சார்ஜரில் செருகினேன். திரை மங்கியது, நிறங்கள் வந்தன. சுவிட்சை அணைத்ததும் நின்றது. சுவிட்சைப் போட்டதும் திரை எழுந்தது, சற்றுப் பொறுத்து மறுபடி நிறங்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். முகம் கொஞ்சம் இளகியது.

பிறகுதான் அந்தக் கேள்வி. "அப்போ அவ எந்திரிச்சு போன் பாத்தாளா, இல்ல கரண்ட் வந்துச்சான்னு இது சொல்லாது. அப்படித்தானண்ணே?"

"சொல்லாது" என்றேன்.

உண்மைதான். பேசிக் டேட்ரீம்ஸ் சொல்லாது. ஒருவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, பட்டனை அழுத்தாமல் சார்ஜரோடு தலையணைப் பக்கம் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தாலும் இதே வரிதான் வரும். கரண்ட் வந்திருந்தாலும் இதே வரிதான். ஆனால் போன் சொல்லும். அதை நான் சொல்லவில்லை.

ஆண்ட்ராய்டு 9 முதல் யூசேஜ் ஸ்டாட்ஸ் என்கிற பயன்பாட்டுக் கணக்கில் திரை எரிந்தது, அணைந்தது, லாக் ஸ்கிரீன் வந்தது, லாக் ஸ்கிரீன் விலகியது என்று ஒவ்வொன்றும் நேரத்தோடு பதிவாகிறது. டெவலப்பர் ஆப்ஷனில், கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்க விடுகிற யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிக் கம்ப்யூட்டரில் இணைத்தால் ஒரு கட்டளையில் கிடைத்துவிடும். ரெண்டு மணியை ஒட்டி லாக் விலகிய பதிவு இருந்தால் யாரோ போனைத் திறந்திருக்கிறார்கள். அது இல்லாமல் திரை எரிந்த பதிவு மட்டும் இருந்தால் போன் பூட்டியபடியேதான் இருந்திருக்கிறது. பேட்டரி வரலாற்றில் சார்ஜர் செருகிய நேரமும் இருக்கும். ஆனால் நன்றாகச் சார்ஜ் ஏறிய பின் பிளக்கைக் கழற்றினால் அந்தக் கணக்கு பொதுவாகப் புதிதாகத் தொடங்கிவிடும். காலையில் கழற்றிய போனில் முந்தைய ராத்திரி தேறுவது கடினம். யூசேஜ் ஸ்டாட்ஸ் அப்படி உடனே அழியாது.

அந்தக் கம்ப்யூட்டரும் கேபிளும் பக்கத்திலேயே இருந்தன. எடுக்கவில்லை. அது அந்தப் பெண்ணின் போன், அவள் அங்கே இல்லை. அவள் எப்போது விழித்தாள், எப்போது தூங்கினாள் என்பதை அவள் அண்ணனுக்குப் படித்துக் காட்டுவது சர்வீஸ் வேலை இல்லை. ஓர் ஆப் கெடுதலா இல்லையா என்று பார்ப்பது என் வேலை, பார்த்தேன், சொன்னேன். இதை யார் கேட்டாலும் இப்படியே சொல்வேன்.

ஆனாலும் நெஞ்சில் நிற்பது வேறொன்று. கரண்ட் போச்சா என்று கேட்டது யார்? நான்தான். அவன் கேட்கவில்லை. தொழில்முறையில் அது சரியான கேள்வி, காரணங்களில் முதலில் விலக்க வேண்டியது அதுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேனா, அந்தப் பெண்ணுக்கு ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்தேனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவன் தோரணை அப்படி இருந்தது. அவள் உண்மையிலேயே எழவில்லை என்றால், அந்தப் பதிவுகள் அவளைச் சந்தேகமில்லாமல் விடுவித்திருக்கும். என் விளக்கம் சந்தேகத்தைத் தணித்தது, தீர்க்கவில்லை. அவள் எழுந்திருந்தால் மட்டும் என்ன? கல்லூரியில் படிக்கிற பெண் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பார்த்ததில் விளக்கம் கேட்க என்ன இருக்கிறது என்று அவனிடம் கேட்டிருக்கலாம். கவுண்டரில் நின்றுகொண்டு யார் அப்படிக் கேட்பார்கள் என்றும் தோன்றுகிறது.

இன்னொன்றும் நடந்தது. "எதுக்குண்ணே, எடுத்துவிட்டுடுங்க" என்றான் கடைசியில். எடுப்பது சுலபம். ஆப் இன்ஃபோவில் டிசேபிள் பட்டன் உயிரோடு இருந்தால் அதுவே போதும். அது மங்கலாக இருந்தால் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்புகிற ஏடிபி வழியாக பிஎம் டிசேபிள்-யூசர் கட்டளை. மறுபடி வேண்டுமென்றால் பிஎம் எனேபிள். யூசர் பூஜ்யத்துக்கு (போனின் முதன்மைப் பயனருக்கு) மட்டும் அன்இன்ஸ்டால் செய்கிறவர்களும் உண்டு. அப்போதும் சிஸ்டம் பகுதியில் அது அப்படியே இருக்கும், இன்ஸ்டால்-எக்ஸிஸ்டிங் என்று கொடுத்தால் திரும்பி வரும். இத்தனையும் தேவையே இல்லை, செட்டிங்ஸில் ஸ்கிரீன் சேவரை ஆஃப் செய்தாலே ஓட்டம் நின்றுவிடும். முடக்குவதால் பேட்டரியில் பெரிய லாபமும் இல்லை, அது ஓடுவதே சார்ஜில் இருக்கும்போதுதான். அப்போதும், அடிப்படை ஆண்ட்ராய்டில், சார்ஜர் பலவீனமாக இருந்து ஓடும்போதே பேட்டரி 5 சதவீதம் இறங்கினால் தானாக நின்றுவிடும்.

நான் ஆஃப் செய்யவில்லை. அடிப்படை ஆண்ட்ராய்டில் இது டாக்கில் இருக்கும்போது மட்டும் ஓடும் என்றுதான் முதலில் இருக்கும். அதைச் சார்ஜுக்கு மாற்றியது போன் தயாரித்தவர்களாக இருக்கலாம், அந்தப் பெண்ணாகவும் இருக்கலாம். இருட்டில் மெல்லிய வெளிச்சம் வேண்டும் என்று கலர்ஸை வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். "தங்கச்சியையே கேட்டு ஆஃப் பண்ணச் சொல்லுங்க, வழி இதுதான்" என்று அவன் போனில் காட்டிய அதே வழியை மறுபடி சொன்னேன். தலையாட்டினான். வீட்டில் அதை எந்தக் குரலில் கேட்டானோ. நானே ஆஃப் செய்து கொடுத்திருந்தால் மறுநாள் அப்படி ஒரு வரி வராமல் இருந்திருக்கும், பேச்சும் அங்கேயே முடிந்திருக்கும் என்று உடன் வேலை பார்க்கிறவர் சொன்னார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆஃப் செய்திருந்தால், கெட்டது ஏதோ இருந்ததால்தான் கடைக்காரரே எடுத்தார் என்று அவன் நினைத்திருப்பான் என்பது என் கட்சி.

இப்போது இந்தப் பெயரோடு யார் வந்தாலும் முதலில் போன் யாருடையது என்று கேட்கிறேன். சொந்த போன் என்றால் மூன்றைப் பார்க்கச் சொல்கிறேன்: எப்போது தொடங்க வேண்டும் என்ற செட்டிங், அந்த நேரத்தில் சார்ஜரில் இருந்ததா, இடையில் கரண்ட் போனதா. தேர்வில் போட்டோ ஃப்ரேம் இருந்தால் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன் சேவர் லாக் ஸ்கிரீனுக்கு மேலேயே ஓடும் என்பதால், பூட்டிய போனிலும் கேலரிப் படங்கள் வெளியே தெரியும். ஆல்பத்தை மாற்றுங்கள், அல்லது கடிகாரத்துக்கு மாறுங்கள். இந்த வசதியில் பயப்பட ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான், ஆனால் இதைக் கேட்டு யாரும் வருவதில்லை.

பிறருடைய போன் என்றால், அவரையும் கூட்டிவாருங்கள் என்கிறேன். சிலர் வருகிறார்கள், பலர் போனை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அங்கே கேபிளை இணைத்து எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுகிறவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும்.