வைஃபை மறுத்த பிரிட்ஜ்

என் மடிக்கணினியில் லினக்ஸின் கேவிஎம் என்னும் வசதியைக் கொண்டு இரண்டு மெய்நிகர் கணினிகளை (ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினிகளை) இயக்கி வருகிறேன். அவற்றுள் ஒன்றில் கோப்புச் சேவையகம் நிறுவி, வீட்டின் மற்றக் கணினிகளிலிருந்தும் அதை எட்ட வேண்டும் என்று விரும்பியபோதுதான், அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்த நெட்வொர்க் அமைப்பை ஊன்றிப் பார்க்க நேர்ந்தது.

அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட் என்னும் மென்பொருள், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் விர்பிஆர்0 என்னும் மென்பொருள் ஸ்விட்சைத் தானாகவே உருவாக்கி, ஹோஸ்ட்டுக்கு (அதாவது அவற்றைத் தாங்கும் என் மடிக்கணினிக்கு) 192.168.122.1 என்ற முகவரியை அதில் வைத்து, மெய்நிகர் கணினிகளுக்கும் அதே வரிசையில் முகவரி வழங்குகிறது. அவை வெளியே அனுப்பும் பொட்டலங்கள் ஹோஸ்ட்டின் முகவரியைப் போர்த்திக்கொண்டு செல்வதால் இணையம் தடையின்றிக் கிடைக்கிறது. ஆனால் அப்படியொரு தெரு இருப்பதே வீட்டு ரவுட்டருக்குத் தெரியாது என்பதால், வெளியிலிருந்து எவரும் உள்ளே வர இயலாது. ஹோஸ்ட்டின் ஒரு போர்ட்டுக்கு வரும் கோரிக்கைகளை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் ஒரு சேவைக்குப் போதும். ஐந்தாறு என்றால் அலுத்துவிடும்.

ஆகவே மெய்நிகர் கணினிகளை வீட்டு நெட்வொர்க்கிலேயே நேரடியாகச் சேர்க்கும் பிரிட்ஜ் ஒன்றை (இதுவும் ஒரு மென்பொருள் ஸ்விட்ச்தான்) பிஆர்0 என்ற பெயரில் அமைக்க முனைந்து, வைஃபை அட்டையை அதில் சேர்க்கப் பார்த்தேன். லினக்ஸின் மையமான கர்னல் ஒரே வரியில் மறுத்துவிட்டது. வழக்கமான வைஃபை இணைப்பில் மடிக்கணினி அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமின் (வைஃபையில் செல்லும் பொட்டலத்தின்) தலைப்பிலும் மூன்று முகவரிகளே இடம்பெறும் என்பதால், அனுப்பும் ரேடியோ ஒன்று, உண்மையில் பேசும் கணினி வேறொன்று என்று சொல்வதற்கு அதில் இடமில்லை. மேலும், தன்னிடம் பதிந்து இணைந்த மேக் முகவரிக்கு (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணுக்கு) மட்டுமே வைஃபை வழங்கும் ஆக்சஸ் பாயின்ட் செவிசாய்க்கும். 52:54:00 என்று தொடங்கும் கேவிஎம்மின் மேக் முகவரி அதற்கு அந்நியம். (மெய்நிகர் கணினிகளை இயக்கும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் மேக் முகவரியை இடையில் மாற்றி எழுதி இதைச் சமாளிக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான், எனக்கு உவப்பில்லை.)

ஈதர்நெட் கேபிளைச் செருகி மீண்டும் தொடங்கினேன். இம்முறை தவறு என்னுடையது: ஐபி முகவரியை அட்டையிலேயே விட்டுவிட்டு, அந்த அட்டையை பிஆர்0வில் இணைத்தேன். இணைந்த கணமே அட்டை ஸ்விட்சின் வெறும் போர்ட்டாகிவிடுவதால் ஹோஸ்ட்டின் இணைப்பு அறுந்தது. முகவரியை பிஆர்0வுக்கு மாற்றிய பிறகே அது மீண்டது. தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக இதைச் செய்திருந்தால், அந்தக் கணினியிடம் நேரில் போய் நின்றிருக்க வேண்டும்.

அப்போதும் ஹோஸ்ட்டுக்கு முகவரி வந்தது. மெய்நிகர் கணினிக்கு வரவில்லை. ஒரு மாலை முழுவதும் பிரிட்ஜையே குறை கூறிக்கொண்டிருந்த பிறகுதான், அதே ஹோஸ்ட்டில், செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கரும் இருப்பது நினைவுக்கு வந்தது. டாக்கர், லினக்ஸின் தீச்சுவரான ஐபிடேபிள்ஸில், கடந்துசெல்லும் பொட்டலங்களுக்கான ஃபார்வர்ட் கொள்கையை டிராப் (கைவிடு) என்று மாற்றி வைத்திருந்தது. பிஆர்-நெட்ஃபில்டர் தொகுதியும் ஏற்றப்பட்டிருந்ததால், பிரிட்ஜைக் கடக்கும் பொட்டலங்களும் அந்த விதிகளுக்கு உட்பட்டு, முகவரி கேட்கும் டிஹெச்சிபி கோரிக்கைகள் வாசலைத் தாண்டாமலே மடிந்துகொண்டிருந்தன. பிஆர்0வில் நுழைந்து பிஆர்0விலேயே வெளியேறுபவற்றை அனுமதிக்கும் ஒற்றை விதியை நம் சொந்த விதிகளுக்கென டாக்கர் ஒதுக்கும் டாக்கர்-யூசர் சங்கிலியில் சேர்த்தேன். சற்று நேரத்தில் ரவுட்டரின் பட்டியலில் 52:54:00 என்று தொடங்கும் புதிய வரி ஒன்று தோன்றியது.