குட்டை ராடும் என் அவசரக் கையும்

மீன்பிடிக்க ஐந்தரை அடி ராடு (தூண்டில் கம்பு) வாங்கிய புதிதில், ஏழடி ராடை வீசுவதுபோலவே தோளிலிருந்து முழு பலத்தையும் கொடுத்து வீசிக்கொண்டிருந்தேன், நுனியில் கட்டிய லூர் (செயற்கை இரை) பாதி தூரம்கூடப் போகாமல் கண்ணெதிரே தண்ணீரில் தொப்பென்று விழும். பலம் போதவில்லை என்று இன்னும் வேகமாக வீசினேன். இன்னும் மோசம்.

நீளம் குறைந்தால் நுனியின் வேகமும் குறையும், அதை ராடின் வளைவுதான் ஈடுகட்ட வேண்டும். வளைய வேண்டுமென்றால் எடை சரியாக இருக்கணும். எத்தனை கிராம் லூர் தாங்கும் என்று கைப்பிடிக்கு மேலேயே பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள் (நான் பல மாதம் அதைப் படிக்கவே இல்லை). அப்புறம் நுனியிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூண்டில் நரம்பு தொங்கவிட்டு, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, மணிக்கட்டால் பின்னே கொண்டுபோய், லூரின் எடை நுனியை இழுத்து வளைக்கும் அந்த நொடியில் முன்னே சொடுக்கி, சட்டென நிறுத்தணும். நிறுத்துவதுதான் முக்கியம். லூர் உயரப் பறந்தால் நரம்பைப் பிடித்திருக்கும் விரலைச் சீக்கிரம் விட்டிருக்கிறீர்கள், முன்னாலேயே விழுந்தால் தாமதம்.

ஸ்பூலில் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நரம்பு விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிறைந்திருக்கட்டும், குறைந்தால் விளிம்பில் உரசியே தூரம் குறைந்துவிடும்.

தூரத்தில் நீள ராடை ஜெயிக்க முடியாது, சரி. ஆனால் தாழ்ந்த கிளைக்கு அடியில் பக்கவாட்டில் வீசிப் பாருங்கள், நீள ராடுக்காரர் கிளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.