தாழ்ந்த கார் வாசலேறுமா? ஸ்போர்ட்ஸ் கார் டெலிவரிக்கு முந்தைய வாரம்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் புக் பண்ணுகிறவர்கள் கலரையும் அலாய் வீலையும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். வீட்டு வாசல் சரிவை மட்டும் டெலிவரிக்கு முதல் நாள்கூட அளந்து பார்ப்பதில்லை. இந்த ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

காரணம் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் சுமார் 46 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பொங்கிக் கடலூருக்குள் வந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு புது வீடுகளின் தரைமட்டம் ஒரு படி ஏறுகிறது. ஆனால் தெருவின் அகலம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் வாசல் சாய்தளம் குட்டையாகவும் செங்குத்தாகவும் ஆகிவிடுகிறது. ஸ்கூட்டருக்கும் எஸ்யூவிக்கும் அது பொருட்டே இல்லை. தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் மூக்கு இருக்கும் வண்டிக்கு அதுதான் எமன்.

கணக்கு எளிது. தெருவிலிருந்து போர்டிகோ 45 செ.மீ. உயரம், சாய்தளம் 2 மீட்டர் நீளம் என்றால் சரிவு ஏறக்குறைய 12.7 டிகிரி. இதே உயரத்தை 8 டிகிரியில் ஏற வேண்டுமானால் 3.2 மீட்டர் நீளம் வேண்டும். கார் எவ்வளவு தாங்கும் என்பதை பிரோஷரில் தேட வேண்டாம், ஷோரூமிலேயே அளந்துவிடலாம். நேரான அலுமினியக் குழாய் ஒன்றை முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் கீழ் உதடு வரை சாய்த்து வைத்து, அதன் மேல் போனின் லெவல் ஆப்பை வையுங்கள். காட்டும் கோணத்தில் இரண்டு டிகிரியைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் நம்ப வேண்டும். பிரேக் அடித்தால் மூக்கு இன்னும் தாழும்.

மூக்கு தப்பித்தாலும் வயிறு இடிக்கலாம். சரிவு முடிந்து தரை சமமாகிற மேல் விளிம்பில்தான் அது நடக்கும். கொத்தனாரிடம் "சரிவைக் குறைங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. மேல் முனையிலும் கீழ் முனையிலும் தலா ஒரு மீட்டர் நீளத்துக்குப் பாதிச் சரிவில் இழுத்து, முனை தெரியாமல் வளைவாக முடிக்கச் சொல்ல வேண்டும். சாய்தளத்தைத் தெருவுக்கு நீட்டினால் நகராட்சி ஒரு நாள் வந்து இடிக்கும். கேட்டுக்கு உள்ளே போர்டிகோவை வெட்டி நீளத்தை எடுப்பதே நல்லது. சிமென்ட் வேலை என்பதால் டெலிவரிக்கு மூன்று வாரம் முன்பே முடிந்து, நன்றாகத் தண்ணீர் விட்டு ஆற்றியிருக்க வேண்டும்.

முன்பக்கம் தூக்கும் 'லிஃப்ட்' வசதி சுமார் 4 செ.மீ. உயர்த்தும். சில மாடல்களில் வீட்டு வாசலை ஜிபிஎஸ்ஸில் ஒரு தடவை சேமித்துவிட்டால் பிறகு தானே தூக்கிக்கொள்ளும். ஆனால் இதை புக்கிங்கிலேயே கேட்க வேண்டும். கார் வந்த பிறகு கம்பெனி முறையில் மாட்டுவது நடைமுறையில் நடக்காத காரியம். நம் பக்கத்துக்கு இது ஆடம்பரம் இல்லை; கார்பன் ஸ்பாய்லரை விட்டுவிட்டு இதை வாங்குங்கள்.

கேட் அகலத்தையும் ஒரு முறை பாருங்கள். கண்ணாடிகளோடு சேர்த்து 2.03 மீட்டர் வரும் கார் 8 அடி கேட்டில் நுழைந்தால் இரு பக்கமும் இருபது செ.மீ.தான் மிச்சம். இரண்டு கதவு கூபேக்குக் கதவு நீளம் அதிகம் என்பதால், டிரைவர் பக்கம் எண்பது செ.மீ.யாவது இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு இறங்க முடியாது.

அடுத்தது பதிவு எண். கடலூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரிப் பதிவான பிஒய் 01 போட ஆசைப்படுகிறவர்கள் இன்னும் உண்டு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு 20 லட்சம். புதுச்சேரியில் அதைவிட எவ்வளவோ குறைவு. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறுவது போலத்தான். ஆனால் சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்தில், வண்டியை வழக்கமாக நிறுத்தும் மாநிலத்தில்தான் பதிய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு கட்டாயம். வாடகை ஒப்பந்தம் ஒன்றைத் தயார் செய்து போலிப் புதுச்சேரி முகவரியில் பதிந்தவர்கள்மேல் 2017 வாக்கில் கேரளாவில் வழக்குகளே பாய்ந்தன. புதுச்சேரியில் நிஜமாகவே வீடோ கடையோ இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் கடலூரின் டிஎன் 31தான் உங்கள் எண், வரியைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

பணம் கட்டும்போது பான் எண் கொடுப்பீர்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ் (வாங்குபவரிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவார். அது போய்விட்ட பணம் இல்லை. வருமான வரி இணையதளத்தில் உங்கள் வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காதது), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (கார் முழுதாகப் போனால் வாங்கிய விலையைத் தருவது), என்ஜின் பாதுகாப்பு மூன்றையும் எடுங்கள். காற்று உறிஞ்சும் வாய் தாழ்வாக இருக்கும் வண்டியில் தேங்கிய தண்ணீர் என்ஜினுக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது.

இனி காரைப் பார்ப்பது. மாலை, கேக், போட்டோ எல்லாம் இருக்கிற டெலிவரி நாளில் எதுவும் கண்ணில் படாது. அதற்கு முந்தின நாளே, பகல் வெளிச்சத்தில், ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிப் போங்கள். அதற்கும் முன்பே ஷோரூமுக்கு எழுத்தில் ஒன்று சொல்லிவிடுங்கள்: கழுவ வேண்டாம், பாலிஷ் வேண்டாம், மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைப் பிரிக்க வேண்டாம். ஒரே வாளி, ஒரே துணியில் பத்து வண்டியைத் துடைக்கிற பழக்கத்தில்தான் புதுக் கருப்பு பெயின்ட்டில் சிலந்தி வலை போலக் கீறல் விழுகிறது.

பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கக்கூடியதாக இருக்கட்டும். இந்த வகைக் கார்களில் பல பாகங்கள் அலுமினியம். பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு கதவு மட்டும் 250ஐத் தாண்டினால் கப்பலிலோ யார்டிலோ அடிபட்டு மறுபெயின்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக் பம்பரில் மீட்டர் வேலை செய்யாது. அதற்கு விளிம்பு இடைவெளியையும் நிறச் சாயலையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பதினேழு இலக்க சேஸிஸ் எண் காரிலும் இன்வாய்ஸிலும் பாலிசியிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் தரும் சான்றான படிவம் 22இல் இருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் (DOT) குறியின் கடைசி நான்கு இலக்கம் 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23வது வாரம். போர்ஷேக்கென்று ஒப்புதல் பெற்ற டயரில் ஆங்கில 'என்' எழுத்தோடு ஓர் எண்ணும், பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரமும் இருக்கும். நான்கிலும் ஒரே குறி வேண்டும். டயர் காற்றைக் கட்டாயம் அளக்கவும். கப்பலில் வரும்போது கூடுதலாக ஏற்றிய காற்றைக் குறைக்காமலே கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. பல கார்களில் பயணத்துக்காக சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்கு இடையே கட்டைகள் செருகியிருப்பார்கள், அவற்றை எடுக்காமல் விட்டால் கார் மாட்டு வண்டி மாதிரி குலுங்கும். பணிமனை லிஃப்டில் காரை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். "எல்லாம் செக் பண்ணியாச்சு சார்" என்றால், கையெழுத்துப் போட்ட தாளைக் கேளுங்கள். டிஸ்க்கில் லேசான துரு இருந்தால் பரவாயில்லை, நாலு பிரேக்கில் போய்விடும்.

ஸ்டெப்னி இருக்காது. பஞ்சர் திரவமும் சிறு கம்ப்ரசரும்தான். பாட்டில் மேல் காலாவதித் தேதி பாருங்கள். வீல் லாக் நட்டுக்கான சாவியும், பம்பரில் திருகும் இழுவைக் கொக்கியும் எங்கே என்று கையில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். நடுராத்திரி மரக்காணம் உப்பளப் பக்கம் தேடுகிற பொருள் இல்லை அது.

பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவதாக இருந்தால் வண்டி ஷோரூமிலிருந்து நேராக அங்கே போகட்டும், மூடிய லாரியிலோ பிளாட்பெட்டிலோ. காரைப் பிடித்துக் கட்டும் பட்டைகளை டயரின் மேல் சுற்றிக் கட்ட வேண்டும், சஸ்பென்ஷன் ஆர்மில் கொக்கி மாட்டக் கூடாது. ஓட்டி வருவதானால் நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் வருவதைவிட, வேகம் ஏறி இறங்கும் ஈசிஆர் புது என்ஜினுக்கு நல்லது. பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு முதல் 2000 கி.மீ. வரை 5500 ஆர்பிஎம் எல்லை, பிறகு என்ஜின் ஆயிலும் டிஃபரன்ஷியல் ஆயிலும் மாற்ற வேண்டும். பெட்ரோல் மூடியின் உட்புறம் எத்தனை ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்) என்று எழுதியிருக்கும். வழியில் எந்த பங்க்கில் 95க்கு மேல் கிடைக்கும் என்று முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வேகத்தடை விஷயத்தில் விதிப்படி 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிக் கட்டினால் எந்தக் காரும் ஏறும். தெருவாசிகள் போடுவது அதே உயரம், ஓரடி அகலம். குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுங்கள்.

பூஜை. மணக்குள விநாயகர் கோயில் வாசலிலோ பாடலீஸ்வரர் சன்னதித் தெருவிலோ நெரிசலில் தாழ்ந்த காரைக் கொண்டு போவதைவிட, திருவந்திபுரம் மாதிரிக் கொஞ்சம் இடமுள்ள கோயிலுக்கு வார நாளில், விடிகாலையில் போவது மேல். குங்குமத்தையும் சந்தனத்தையும் பெயின்ட்டில் வைக்க வேண்டாம், முன் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள்; காய்ந்த பொடியைத் துணியால் துடைத்தால் அது உப்புத்தாள். ஜரிகை மாலையும் அப்படியே, வெறும் பூச்சரம் போதும். திருஷ்டிக் கயிறை முன் கிரில்லில் கட்டினால் ரேடாரை மறைத்து டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அர்ச்சகர் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளே, சீட்டுக்கு அடியில் கட்டலாம். எலுமிச்சம்பழத்தால் எந்தத் தொல்லையும் இல்லை.

வீட்டில் நிறுத்தும்போது பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். கடற்காற்றின் உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும், காற்று போகும் துணி உறை வேண்டும். கார் நிற்கும்போது பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர் மாட்ட போர்டிகோவில் ஒரு பிளக் பாயின்ட் இழுத்து வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல நிலை, 12.2க்குப் போனால் பாதி காலி. முன் டிக்கிக்குள் பேட்டரி, அதைத் திறக்கும் பூட்டும் மின்சாரத்தில் என்ற மாடல்கள் உண்டு. பேட்டரி செத்தால் பேட்டரியை அடையவே முடியாது. பியூஸ் பெட்டியில் அவசர மின்சாரம் கொடுக்கும் முனை எங்கே என்று டெலிவரி அன்றே செய்து காட்டச் சொல்லி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சாவியைப் போர்டிகோவை ஒட்டிய ஜன்னலில் மாட்டாதீர்கள். சாவி பக்கத்தில் இருக்கும்வரை சில கார்கள் தூங்காமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.