எல்லாம் ஒன்றுதான்

“குற்றம் என்றா எழுத வேண்டும், தம்பி?” என்று கேட்டார், விசாரணைக்கு வந்திருந்த ஊழியர்.

“எல்லாம் ஒன்றுதான் அண்ணே. ஃபைலில் இப்படித்தான் எழுதுவது வழக்கம்” என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

17(ஆ) விசாரணை; அரசு ஊழியர் மீது பெரிய தண்டனைக்கு வழிவிடும் ஒழுங்கு நடவடிக்கை. வசூல் பணம் 1,840 ரூபாயைக் கட்டியதில் 9 நாள் தாமதம். விசாரணை அலுவலர் கேட்க, அவர் சொல்ல, நான் எழுதினேன். அவர் வாயிலிருந்து வந்தது “தப்பு நடந்துவிட்டது ஐயா” என்ற ஒரு வரிதான். நான் எழுதியது, “குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.” ஒப்புக்கொண்டவருக்குச் சாட்சி எதற்கு? மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

என் பக்கமும் நியாயம் உண்டு. தெரியாமல் செய்தது தவறு, தெரிந்தே செய்தது தப்பு என்று ஊரில் பிரித்துச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் அவரே தன்மேல் பெரிய சொல்லைத்தான் போட்டுக்கொண்டார். ஆனால் எங்கள் பிரிவில் கூட்டலில் ஒரு ரூபாய் இடித்தாலும் ‘தப்பு’தான். ரயிலைத் தவறவிடுகிறோம், மீன் வலைக்குத் தப்புகிறது, இறந்தவரைத் தவறிவிட்டார் என்கிறோம். இதிலெல்லாம் குற்றவாளி யார்?

குற்றத்துக்கும் ஒரு காலத்தில் இத்தனை கனம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். குறளின் 44ஆம் அதிகாரம் குற்றங்கடிதல். செருக்கு, சினம், கஞ்சத்தனம் போன்ற குணக்கேடுகளைத்தான் அங்கே குற்றம் என்கிறார் வள்ளுவர். நல்ல வாதம்தான். ஆனால் தண்டனை ஆணையில் கையெழுத்திட்டவர் குறளைப் புரட்டிவிட்டா ஃபைலைப் பார்த்தார்?

பணத்தை அவர் எடுத்துப் புழங்கினாரா, கட்ட மறந்தாரா? அன்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் நான் எழுதிவிட்டேன். எடுத்திருந்தால் நான் எழுதியது சரி. எடுத்தவராகவே இருக்கட்டும் என்று சில இரவுகள் விரும்பியிருக்கிறேன். இதற்கு என்ன சொல் பொருந்தும்? பாவம் என்பார் என் அம்மா. அதே அம்மா அவரைப் பற்றிச் சொன்னபோதும், “பாவம், அந்த மனிதர்” என்றுதான் சொன்னார்.

ஊதிய உயர்வு நின்றது. அதற்குப் பிறகும் அவர் என்னைத் தம்பி என்றே கூப்பிட்டார். ஏதாவது எழுதித் தரச் சொன்னால் மட்டும், கையெழுத்துக்கு முன் இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொல்வார்.