மாமாவின் கேஸ் துப்பாக்கியும் நான்கு ரப்பர் வளையங்களும்

காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கும் மாமாவின் தோட்டத்துச் சாளையில், அட்டாலியின் மேல் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் எட்டு ஆண்டுகளாகக் கிடந்த கேஸ் துப்பாக்கியைச் சென்ற மாசி மாதத்தில் வெளியே எடுத்தோம். கரியமில வாயுக் குப்பியில் இயங்கி, 4.5 மில்லிமீட்டர் ஈய ரவையைச் சுடும் கைத்துப்பாக்கி அது. வாங்கிய புதிதில் தேங்காய்த் தொட்டிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு ஞாயிறுதோறும் சுட்டுக்கொண்டிருந்த மாமா, மூட்டுவலி வந்த பிறகு அதை மறந்தே போனார். புதுக் குப்பி ஒன்றை உள்ளே வைத்துத் திருகியதுமே கைப்பிடிக்குள் 'உஸ்' என்ற சத்தம் கிளம்பியது. சிறிது நேரத்தில் கைப்பிடி சில்லிட்டு வெள்ளையாகப் பனி பூத்தது. குப்பியிலிருந்த 12 கிராம் வாயுவும் ஒரு ரவையைக்கூடத் தள்ளாமல் காற்றோடு போயிற்று. "உசுரு போயிருச்சு மாப்ளே, இனி பழைய இரும்புக்குத்தான் ஆகும்" என்றார் மாமா.

நான் கோவையில் பம்ப் தயாரிக்கும் பட்டறையொன்றில் வேலை செய்பவன். எந்த இயந்திரம் ஒழுகினாலும் இரும்பைப் பார்க்கும் முன் ரப்பரைப் பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி மேசையில் பரப்பியபோது குழல், சுத்தி, விசை, சுருள்வில் எல்லாம் புதிதுபோலவே இருந்தன. வெடிமருந்தின் சூடும் கரியும் இல்லாமல், மெத்தென்ற ஈயம் மட்டுமே உரசிச் செல்லும் குழல் எளிதில் தேய்வதில்லை. ஆகவே இத்தகைய துப்பாக்கியின் ஆயுள் எத்தனை ஆண்டு என்று கேட்பவர், உண்மையில் அதற்குள் இருக்கும் நான்கைந்து ரப்பர் வளையங்களின் ஆயுளைத்தான் கேட்கிறார். அந்த வளையங்கள் சுட்டுச் சுட்டுக் கெடுவதைவிட, சும்மா கிடந்து காய்ந்து கெடுவதே அதிகம். மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்ட கிணற்று மோட்டார் ஒரு நாள் சுவிட்சைப் போட்டதும் உறுமிவிட்டு நின்றுபோவதைப் பார்த்த எவருக்கும் இது புதிய செய்தியாக இராது.

மாமாவின் துப்பாக்கியில் இன்னொரு குற்றமும் இருந்தது. குப்பியின் வாயுவை அடைத்து வைத்து, சுத்தி தட்டும்போது மட்டும் திறந்துவிடும் வால்வின் வாயிலும், குப்பி அமரும் இடத்திலும் மஞ்சள் நிறத்தில், கெட்டித்துப்போன பிசின்போல ஏதோ படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், சிக்கு வாடை. எண்ணெய் மில்கள் நிறைந்த ஊரில் வாழ்பவர் எதற்கு எண்ணெய் போட்டாலும் தேங்காயெண்ணெயைத்தானே போடுவார்! அந்த எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். திறந்த வால்வு வழியே பாயும் வாயுவோ, விரிவடையும்போது தன்னைச் சுற்றியுள்ள உலோகத்தையே குளிர வைக்கும். அதனால் சித்திரை வெயிலில்கூட வால்வுக்குள் அது உறைய இடமுண்டு. நாளடைவில் சிக்கேறிப் பசையாகி, வளையத்தை உலோகத்தோடு ஒட்டவும் வைத்துவிடும். துப்பாக்கியோடு வரும் கையேடு சொல்லும் எண்ணெயைத்தான் போட வேண்டும். பெரும்பாலும் அது சிலிக்கான் எண்ணெயாகவோ, வாயுத் துப்பாக்கிக்கென்றே விற்கப்படும் எண்ணெயாகவோ இருக்கும். திருப்பூரில் வீட்டுக்கு வீடு கிடைக்கும் தையல் மெஷின் எண்ணெய் விசையின் கீல்களுக்குப் போதும். மெல்லியது என்பதால் வால்வில் நிற்காது. துரு நீக்கும் ஸ்பிரேயை வளையங்களின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வளையங்களை மாற்றும்போது நானும் ஒரு தவறு செய்தேன். பட்டறையிலிருந்து அளவு சரியாக இருந்த, நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆன சாதாரண வளையங்களை (ஓ-ரிங்) எடுத்து வந்து மாட்டினேன், துப்பாக்கியும் சுட்டது. ஒரு குப்பி தீர்ந்ததும், எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று உடனே கழற்றியபோது, மாட்டும்போது காடிக்குள் அடக்கமாக உட்கார்ந்த வளையம் பணியாரம்போல உப்பி, மீண்டும் உள்ளே போக மறுத்தது. அளவு தவறிவிட்டதோ என்று குழம்பி, அதைத் தட்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அது பழைய அளவுக்கே சுருங்கியிருந்தது. உயர்ந்த அழுத்தத்தில் கரியமில வாயு ரப்பருக்குள்ளேயே கரைந்து புகுந்துகொள்கிறது. அழுத்தம் சட்டென்று இறங்கும்போது, உள்ளே புகுந்தது வெளியேற வழியில்லாமல் ரப்பரை ஊதிவிடுகிறது. இது பல முறை நடந்தால் வளையத்தில் கொப்புளமும் வெடிப்பும் விழும். பிறகு அதே அளவில், ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவையில் 90 காட்டும் பாலியூரித்தேன் வளையங்களைத் தேடி வாங்கி மாட்டினேன். அவை உப்புவது மிகவும் குறைவு. கழற்றிய வளையம் உப்பியிருப்பதைக் கண்டு குப்பையில் போடுபவர்கள் ஓர் இரவு பொறுத்துப் பார்க்கலாம்.

கொங்கு நாட்டுக் கோடைக்கு இந்தத் துப்பாக்கியிடம் தனிக் கணக்கு உண்டு. குப்பிக்குள் வாயு திரவமாக இருக்கும்வரை அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஒன்றுதான். 20 டிகிரியில் ஏறத்தாழ 57 பார் (அழுத்தத்தின் அலகு). அதாவது கார் டயரில் இருப்பதைப் போல 25 மடங்கு. 30 டிகிரியில் அது 72 பார் ஆகிறது. 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று தனியாக ஒன்று இருப்பதேயில்லை. அதன்பின் வெயில் ஏற ஏற அழுத்தமும் விறுவிறுவென்று ஏறும். கரூர் பரமத்தியின் பெயர் வெப்பப் பட்டியலில் தவறாமல் வரும் சித்திரை நாட்களில், 40 டிகிரி வெயிலில் கட்டுத்தரை ஓரம் நின்று சுட முயன்றால், வால்வை உள்ளிருந்து அழுத்தும் வாயுவின் பலம் சுத்தியின் பலத்தை மிஞ்சி, 'டக்' என்ற சத்தத்தோடு துப்பாக்கி ஊமையாகிவிடும். அப்போது விசையை மறுபடி மறுபடி இழுக்காமல், ரவை உள்ளே இருப்பதாகவே எண்ணிக் குழலைத் தரைப் பக்கம் திருப்பி, நிழலில் ஆறவிட வேண்டும். நிறுத்திய காருக்குள் குப்பிகளை விட்டுச் செல்வது அதைவிடப் பெரிய ஆபத்து. மார்கழிக் காலையிலோ நிலைமை தலைகீழ். பத்து ரவை விடாமல் சுட்டாலே குப்பி குளிர்ந்து வேகம் குறைந்து, குறிக்குக் கீழே விழத் தொடங்கும்.

அன்றாடப் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. புதுக் குப்பி வைக்கும்போதெல்லாம் அதன் கழுத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், வாயுவே அதை வால்வு வரைக்கும் கொண்டு சேர்க்கும். திருகாணியைக் குப்பி துளைபட்டதும் நிறுத்திவிட வேண்டும். பலம் காட்டி இறுக்குபவர்கள்தாம் குப்பியின் முகத்தில் அமரும் சீலை நசுக்குகிறார்கள். மீதி வாயுவைப் பாதுகாப்பான திசையில் சுட்டுத் தீர்த்த பிறகே குப்பியைக் கழற்ற வேண்டும், இல்லையேல் சீறி வரும் குளிர்வாயு விரலைப் பொசுக்கிவிடும். சுட்டு முடித்ததும் குப்பியை உள்ளேயே விட்டு வைத்தால் சீல் நசுங்கிய நிலையிலேயே பழகிப்போகும். ஒழுக்கு எங்கே என்று தெரியாவிட்டால், வீட்டுச் சிலிண்டருக்குச் செய்வதுபோலச் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். நான் ஒரு நோட்டில், குப்பிக்கு எத்தனை ரவை, அன்று எத்தனை டிகிரி என்று எழுதி வருகிறேன். ஒரே வெப்பநிலையில் எண்ணிக்கை இறங்கத் தொடங்கினால் எங்கோ ஒரு வளையம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

'கேஸ் பிஸ்டன்' என்று விற்கப்படும் நீளத் துப்பாக்கிகளின் கதை வேறு. அவற்றில் சுருள்வில்லுக்குப் பதிலாக, கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் உருளையைப் போன்ற ஒன்றில் நைட்ரஜன் அடைக்கப்பட்டிருக்கும். அது வில்லைப்போலத் தளராது. ஆனால் ரவை இல்லாமல் சுட்டால் பிஸ்டன் காற்று மெத்தையின்றி முட்டி அடிபடும். குழலை மடக்குவது திடீரென்று இலகுவானால் உருளையையே மாற்ற வேண்டும். போட்டிக்காரர்கள் பயன்படுத்தும் அழுத்தக் காற்றுத் துப்பாக்கிகளின் சிலிண்டர்களில் காலாவதித் தேதியே பொறித்திருப்பார்கள். பல நிறுவனங்கள் 10 ஆண்டு என்று வைத்திருக்கின்றன. அந்தத் தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு என்று பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதியே சொல்கிறது.

மாமா துப்பாக்கியை மோட்டார் ரூமில் வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், மின்பொறி தெறிக்கும் இடத்தில் உண்டாகும் ஓசோன் நைட்ரைல் ரப்பரை வெடிக்கச் செய்யும். அடுத்து, நிலக்கடலையைக் கொத்தும் மயில்களைப் பற்றி இழுத்தார். குழலின் துளை 4.5 மில்லிமீட்டரையும், ரவை வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலையும் மிஞ்சாதவரை துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லைதான். ஆனால் மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, ஒரு ரவை பட்டாலும் சிறைதான் என்று சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார். இப்போது அட்டையில் வட்டம் வரைந்து, பின்னால் மணல் மூட்டை அடுக்கிச் சுடுகிறார். போன ஞாயிறு 27 டிகிரியில் ஒரு குப்பிக்கு 46 ரவை போயிருக்கிறது.