தை மாதத்தில் ஜவ்வாது மலை: மண் பாதைப் பயணத்துக்கான ஏற்பாடுகள்

வரும் தை மாதத்தில் வேலூரிலிருந்து இரண்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ஜவ்வாது மலைக்குச் சென்று, ஓர் இரவு கூடாரத்தில் தங்கித் திரும்புவதென்று நண்பர்கள் முடிவு செய்திருக்கிறோம். மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் விவாதமே எழவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் ஓடைகள் பெருகிப் பாதைகள் சேறாகிவிடும். மாசிக்குப் பிறகோ சருகு காய்ந்து காட்டுத்தீக்கு அஞ்ச வேண்டிய காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தின் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் உயிரிழந்ததை மறந்துவிட்டுக் கோடைப் பயணம் போடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எந்த வழியில் போவது என்பதுதான் நீண்ட பேச்சாயிற்று. வெளிநாட்டுக் காணொளிகளில் கண்ட இடத்தில் வண்டியை இறக்கிக் கூடாரம் அடிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, நம் மலைகளில் பெரும்பகுதி வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள காப்புக்காடு என்பதும், அனுமதியின்றி அதற்குள் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பதும் எளிதில் மனத்தில் பதிவதில்லை. ஆகவே அமிர்தி வழியாக மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூர் சேர்ந்து, அங்கிருந்து மலைக்கிராமத்தார் போய்வரும் மண் சாலைகளில் மட்டுமே ஓட்டுவது என்றும், சாமை அறுவடை முடிந்த பட்டா நிலம் ஒன்றில் உரிமையாளரின் சம்மதத்தோடு தங்குவது என்றும் தீர்மானித்தோம். நிலம் பட்டாவாக இருந்தாலும் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பட்டா நிலத்துக்குப் போகும் வழி காப்புக்காட்டைக் கடந்து செல்லக்கூடும்.

மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்போம். 2023-இல் அணைக்கட்டுப் பகுதியின் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, சாலை வசதி இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர முடியாமல் இறந்த செய்தி வேலூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மலைவாசிகளின் உயிர் ஓடும் பாதையை ஈரத்தில் சக்கரத்தால் உழுதுவிட்டு வருவதற்குச் சாகசம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வண்டியைப் பொறுத்தவரை, நான் முதலில் கவனிப்பது டயரில் உள்ள காற்றைத்தான். தார்ச்சாலைக்குக் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால், மலைமேல் மண் பாதை தொடங்கும் இடத்தில் 24 அளவுக்கு இறக்குவோம். டயர் சற்றே சப்பையாகித் தரையில் பதியும் பரப்பு கூடும். கற்களின் மேல் வண்டி எகிறுவதும் குறையும். அதற்கும் கீழே இறக்கினால் பக்கச்சுவர் பிதுங்கி, கூரிய கல்லில் கிழிய இடமுண்டு. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்று நிரப்பாவிட்டால் டயர் சூடேறும் என்பதால் கையடக்க கம்ப்ரஸர் கட்டாயம் வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு இன்ஜினின் பிடியிலேயே இறங்க வேண்டும். சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்றைச் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிணைந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குமிழில் மாட்டினால், அது உடைந்து குண்டுபோல் பறந்து ஆளையே கொன்றுவிடும்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், முழு டேங்க் டீசல், ஸ்டெப்னி, கம்பளி ஆகியவற்றை விளக்க வேண்டியதில்லை. ஒரு நண்பர் தம் வண்டியின் கூரையில் பொருத்தியிருக்கும் விளக்கு வரிசையை மலையில் எரியவிடவே கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறோம். அதே மலைத்தொடரில் உள்ள காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குவதே வானம் இருட்டாக இருப்பதை நம்பித்தான். செல்பேசி சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு என்பதால், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் சேராவிட்டால், எவ்வளவு அருகில் இருந்தாலும் வண்டியைத் திருப்பி ஜமுனாமரத்தூரில் அறை எடுத்துத் தங்குவதென்று பேசி முடித்தாயிற்று.